பயணிக்குப் போதுமான இத்தாலியன்

வழி கேட்கத் தெரிந்தவர்களே, உங்களிடம் ஒன்று கேட்கிறேன்.

ஒருவரிடம் ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு, அவர் சொல்லி முடிக்கும்வரை முகத்தைத் திருப்பாமல் நீங்கள் கடைசியாக நின்றது எப்போது?

அவசரப்பட்டு விடை சொல்ல வேண்டாம். தொம்மை மச்சாதுவைக் கேட்டிருந்தால், “நாற்பது ஆண்டுகள் கேள்வி கேட்பதையே தொழிலாகக் கொண்டிருந்தவன் நான்” என்று அந்தக் கணமே சொல்லியிருப்பார்.

*

“டீச்சர், மூன்று மாதம் ஆகப்போகிறது,” என்றார் மச்சாது. “நான் இன்னும் ரயில் நிலையம் எங்கே என்று கேட்பதிலேயே நிற்கிறேன். இந்த மொழியைப் படிப்பது எப்போது?”

மச்சாதுவுக்கு அறுபத்திரண்டு வயது. தூத்துக்குடியில் ஓர் உயர்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டில் பேசும்போதும் எழுத்துத் தமிழில்தான் பேசுவார். மற்றவர்கள் அப்படிப் பேசாவிட்டால் திருத்துவார்.

டீச்சர் பிலோமினாளுக்கு முப்பத்தெட்டு வயது. ஒன்பது ஆண்டுகள் இத்தாலியில் கன்னியர் மடத்தில் இருந்தவர். மடத்து ஆஸ்பத்திரியில் தொலைபேசி எடுப்பதுதான் அவருக்கு இடப்பட்டிருந்த வேலை. பிறகு மடத்தைவிட்டு வெளியேறி ஊருக்குத் திரும்பிவிட்டார்.

ஏன் திரும்பினார் என்பதற்கு ஊர் பல காரணங்கள் சொன்னது. அவர் ஒரு காரணமும் சொல்லவில்லை.

ஐஸ் ஃபாக்டரியின் மாடியில் ஓர் அறையை வாடகைக்குப் பிடித்து, இத்தாலிக்குப் போகும் நர்ஸ் பெண்களுக்கும் கப்பல்காரர்களுக்கும் மாலை ஐந்து மணிக்கு மொழி சொல்லிக்கொடுத்தார். கைப்பேசி வராத காலம் அது.

“எதுக்கு சார் படிக்கணும்?” என்றார் பிலோமினாள். “ரோமாபுரிக்குத் திருயாத்திரை போகணும்னு சொன்னீய. யாத்திரை போறவருக்கு இது போதுமே.”

“போதாது.”

“சரி. கேளுங்க பார்ப்போம்.”

மச்சாது எழுந்து நின்றார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“ஸ்கூஸி. தொவே லா ஸ்தாத்ஸியோனே?”

மன்னியுங்கள், ரயில் நிலையம் எங்கே இருக்கிறது? உச்சரிப்பில் ஒரு பிசகும் இல்லை.

பிலோமினாள் இத்தாலிய மொழியில் விடை சொல்லத் தொடங்கினார். கையை இடப்புறம் காட்டினார், வலப்புறம் காட்டினார், விரலால் எண்ணினார், எதற்காகவோ எச்சரித்தார், சிரித்தார். ஒரு நிமிடத்துக்கும் மேல் ஆயிற்று.

மச்சாது தலையாட்டிக்கொண்டே இருந்தார்.

“நான் என்ன சொன்னேன் சார்?”

“தெரியாது.”

“பிறகு எதுக்குத் தலையாட்டுனீய?”

“மரியாதைக்கு.”

பின் பெஞ்சிலிருந்த ஜெபஸ்தி சிரித்துவிட்டார். அவர் கப்பலில் சமையல் வேலை பார்ப்பவர்.

“இத்தாலிக்காரன் பாவம் டீச்சர்,” என்றார் ஜெபஸ்தி. “சார் கேட்டு, அவன் தப்பாச் சொல்லிட்டான்னா, பெஞ்சு மேல ஏத்திருவாரு.”

“உட்கார், ஜெபஸ்தி,” என்றார் மச்சாது.

“உட்கார்ந்துதான் இருக்கேன் சார்.”

*

பிலோமினாள் மச்சாதுவின் நோட்டை வாங்கிப் பார்த்தார்.

இடப் பக்கத்தில் இத்தாலியச் சொற்கள். வலப் பக்கத்தில் தமிழ்ப் பொருள். அழுத்திச் சொல்ல வேண்டிய இடங்களில் சிவப்பு மை. தண்ணீர் வேண்டும். இது என்ன விலை? பேருந்து எப்போது புறப்படும்? ஆஸ்பத்திரி எங்கே? நலமாக இருக்கிறீர்களா?

“எத்தனை இருக்கு சார்?”

“நூற்றுப் பதினெட்டு வாக்கியங்கள்.”

“இதுல எதிராளி பேசுறது எங்க?”

மச்சாதுவுக்குக் கேள்வி புரியவில்லை.

“பதில் சார். பதில் எந்தப் பக்கத்துல இருக்கு?”

“பதில் எனக்கு எதற்கு? அதைச் சொல்ல வேண்டியவர்கள் அந்த ஊர்க்காரர்கள் அல்லவா?”

பிலோமினாள் நோட்டின் முதல் பக்கத்துக்குத் திருப்பினார். முதல் நாள் வகுப்பில் அவர் முதன்முதலாகக் கரும்பலகையில் எழுதியது ‘நோன் கபீஸ்கோ’ என்ற வாக்கியம். எனக்குப் புரியவில்லை என்று பொருள். எல்லோரும் எழுதிக்கொண்டார்கள்.

மச்சாதுவின் நோட்டில் அது இல்லை.

“இதை ஏன் எழுதல?”

“அது எனக்குத் தேவைப்படாது என்று நினைத்தேன்.”

பிலோமினாள் நோட்டை மூடித் திருப்பிக் கொடுத்தார்.

“நானும் அப்படித்தான் நெனச்சேன்,” என்றார். “ரோமாபுரி ஸ்டேஷன்ல மொத நாள் எறங்குறேன். எந்த ரயில்ல ஏறணும்னு, மடத்துல சொல்லிக்கொடுத்தபடி சுத்தமாக் கேட்டேன். அந்த ஆளு, இந்தப் பிள்ளைக்கு எல்லாம் தெரியும் போலன்னு நெனச்சு, மூணு நிமிஷம் விடாமச் சொன்னாரு. நானும் தலையாட்டுனேன்.”

“பெறகு என்னக்கா ஆச்சு?” என்றாள் ஒரு நர்ஸ் பெண்.

“அவரு சொன்ன ரயிலு எதுன்னு எனக்குத் தெரியல. கண்ணுல பட்ட ரயில்ல ஏறிட்டேன். மறுநாள் மத்தியானம்தான் மடத்துக்குப் போய்ச் சேர்ந்தேன்.”

பெண்கள் சிரித்தார்கள்.

மச்சாது சிரிக்கவில்லை. “சரியாகப் பதில் சொல்லத் தெரியாத ஆளிடம் நீங்கள் கேட்டிருக்கிறீர்கள்,” என்றார்.

பிலோமினாள் அவர் பக்கம் திரும்பினார்.

“நாளைக்கு உங்களுக்கு ஒரு வேலை சார். துறைமுக வாசலுக்குப் போங்க. இத்தாலிக் கப்பல் ஒண்ணு வந்திருக்கு. அந்தக் கப்பல்காரங்க டீக்கடைக்கு வருவாங்க. ஒருத்தர்கிட்ட ஒரே ஒரு கேள்வி கேளுங்க.”

“ஒன்றுதானா? எனக்கு நூற்றுப் பதினெட்டு தெரியுமே.”

“ஒண்ணு போதும். பதில எடுத்துட்டு வாங்க.”

*

மறுநாள் மாலை மச்சாது சலவைச் சட்டையோடு வகுப்புக்கு வந்தார். முகத்தில் தேர்வெழுதிவிட்டு வந்தவரின் மலர்ச்சி இருந்தது.

“கேட்டீயளா?” என்றார் பிலோமினாள்.

“கேட்டேன். டீக்கடையில் ஒருவர் தனியாக உட்கார்ந்திருந்தார். என்னைவிடச் சற்று இளையவர். புவோன் ஜோர்னோ என்று வணக்கம் சொன்னேன். அவருக்கு ஒரே மகிழ்ச்சி. இருக்கையைத் துடைத்து என்னை உட்காரச் சொன்னார்.”

“என்ன கேட்டீய?”

“உங்களுக்குக் குடும்பம் இருக்கிறதா என்று கேட்டேன். ஆ ஃபமீல்யா?”

“அதுக்கு அவரு?”

மச்சாதுவின் குரல் சற்றுத் தணிந்தது.

“டீ கிளாஸைக் கீழே வைத்தார். முகம் மாறிவிட்டது. மெதுவாக ஏதோ சொன்னார். நடு நடுவே நிறுத்தினார். ஒரே ஒரு சொல் மட்டும் என் காதில் நின்றது. மோர்த்தா.”

நர்ஸ் பெண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். அவர்களுக்கு அந்தச் சொல் தெரியும். ஆஸ்பத்திரிக்கு வேலைக்குப் போகிறவர்களுக்குப் பிலோமினாள் அதைத் தனியே சொல்லிக்கொடுத்திருந்தார்.

“நீங்க என்ன சொன்னீய சார்?”

“நன்றி சொன்னேன். பயணம் இனிதாக அமையட்டும் என்று வாழ்த்தினேன். உச்சரிப்பு பிசகவே இல்லை. பிறகு எழுந்து வந்துவிட்டேன்.”

“அவரு இன்னும் பேசிட்டு இருந்தாரா, முடிச்சிட்டாரா?”

மச்சாது யோசித்தார்.

“என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். நான்தான் விடுவித்துக்கொண்டேன்.”

“இறந்துட்டாள்னு சொல்லியிருக்காரு,” என்றார் பிலோமினாள். “அவரு வீட்டுப் பொண்ணு யாரோ ஒருத்தி இறந்துட்டா.”

“யார்? மனைவியா?”

“மனைவியோ, மகளோ. எனக்கு எப்படித் தெரியும்? அவரு முன்னால உட்கார்ந்திருந்தது நீங்க.”

மச்சாது பெஞ்சில் உட்கார்ந்தார். சட்டைப் பையைக் கையால் அழுத்திக்கொண்டார். பிறகு வகுப்பு முடியும் முன்பே எழுந்து, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் படியிறங்கிப் போய்விட்டார்.

மறுநாள் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை.

*

ஞாயிற்றுக்கிழமை வகுப்பு கிடையாது. மாலை ஐந்தரை மணி இருக்கும். பிலோமினாள் அறையைப் பெருக்கிக்கொண்டிருந்தார். படியில் செருப்புச் சத்தம் கேட்டது.

மச்சாது வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். மூன்று நாள் தாடி.

“அந்தச் சொல்லைக் கரும்பலகையில் எழுதிக் காட்டுங்கள்,” என்றார்.

“எந்தச் சொல்லு?”

“கப்பல்காரர் சொன்னது.”

“யாத்திரை போறவருக்கு அது எதுக்கு சார்?”

“தயவுசெய்து எழுதுங்கள்.”

பிலோமினாள் துடைப்பத்தைச் சுவரோரம் சாத்திவிட்டு, அந்த ஐந்து எழுத்துகளையும் எழுதினார்.

மச்சாது நெடுநேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு நெஞ்சு இறங்குமாறு ஒரு பெருமூச்சு விட்டார்.

“இல்லை,” என்றார். “அது இல்லை. நன்றி டீச்சர். போய் வருகிறேன்.”

“எதுல இல்ல?”

போகத் திரும்பியவர் போகவில்லை. சட்டைப் பைக்குள் கையைவிட்டு, மடிப்புகள் நைந்துபோன ஒரு கடிதத்தை எடுத்தார். மேசைமேல் வைத்தார். அதன்மேலிருந்து கையை எடுக்க அவருக்குச் சிறிது நேரம் பிடித்தது.

“நோன் கபீஸ்கோ,” என்றார்.

*

“உட்காருங்க சார். இது யாரு எழுதுனது?”

“என் மகளுடைய புருஷன் என்று நினைக்கிறேன்.”

“உங்களுக்கு மக இருக்காளா?”

“எமரன்சி. நர்ஸாகப் போனாள். அவள் தாய் அதற்கு முன்பே இறந்துவிட்டாள். போன இடத்தில் ஓர் இத்தாலியனைத் திருமணம் செய்துகொண்டாள். எனக்குக் கடிதம் எழுதித்தான் தெரிவித்தாள். கேட்கவில்லை, தெரிவித்தாள்.”

“எப்ப?”

“ஏழு ஆண்டுகள் ஆகின்றன.”

“அதுக்குப் பிறகு அவ எழுதலியா?”

“எழுதினாள். மாதம் ஒன்று வரும். நான் வாங்கவில்லை. ‘பெறுபவர் மறுத்துவிட்டார்’ என்று என் கையாலேயே உறைமேல் எழுதித் தபால்காரரிடம் திருப்பிக் கொடுத்தேன். பிறகு வருவது நின்றுவிட்டது.”

“இத மட்டும் எப்படி வாங்குனீய?”

“முன்பின் அறியாத கையெழுத்து. யாரென்று தெரியாமல் வாங்கிவிட்டேன். பிரித்தேன். முழுவதும் இத்தாலியன். எமரன்சியின் பெயர் மட்டும் தெரிந்தது.”

“பங்குச் சாமியாருக்கு இத்தாலியன் தெரியுமே. அவர்கிட்டக் காட்டியிருக்கலாமே?”

“சாமியாரிடம் காட்டினால், அவருக்குக் கோயில் வேலை பார்க்கும் கோயில்பிள்ளைக்குத் தெரியும். கோயில்பிள்ளைக்குத் தெரிந்தால் தெருவுக்கே தெரியும். தலைமையாசிரியர் வீட்டுச் சங்கதி தெருவுக்கு வர வேண்டுமா?”

“என்கிட்ட?”

மச்சாது தலையைக் குனிந்துகொண்டார். மடத்தைவிட்டு வந்தவள் என்று டீச்சரைப் பற்றி ஊர் பேசியவற்றில் அவர் பேசியதும் உண்டு.

“நானே படித்துவிடலாம் என்றுதான் உங்கள் வகுப்பில் சேர்ந்தேன்,” என்றார். “திருயாத்திரை என்று சொன்னது பொய்.”

“கடுதாசி வந்து எத்தனை நாளாச்சு?”

“பிப்ரவரி மூன்றாம் தேதி வந்தது.”

அன்று மே மாதம் ஐந்தாம் தேதி.

“இரண்டாம் மாதம் ‘ஓஸ்பெதாலே’ என்ற சொல்லைச் சொல்லிக்கொடுத்தீர்கள்,” என்றார் மச்சாது. “ஆஸ்பத்திரி. அன்றே வீட்டுக்குப் போய்க் கடிதத்தில் தேடினேன். இரண்டு இடத்தில் இருந்தது.”

“அப்பவும் ஏன் என்கிட்டக் காட்டல சார்?”

“ஒரு சொல் தெரிந்துவிட்டதே. மற்றவற்றையும் இப்படியே கண்டுபிடித்துவிடலாம் என்று இருந்துவிட்டேன். மூன்று நாட்களுக்கு முன் கப்பல்காரரின் சொல்லைக் கேட்டேன். அதிலிருந்து வரி வரியாகத் தேடினேன். அப்படி ஒலிக்கும் எதுவும் இதில் இல்லை. எழுத்து வேறு மாதிரி இருக்குமோ என்ற பயத்தில்தான் உங்களை எழுதச் சொன்னேன். இல்லை. அந்தச் சொல் இதில் இல்லை.”

பிலோமினாள் கடிதத்தைப் பிரித்தார். முதலில் மேலே இருந்த தேதியைப் பார்த்தார்.

“இது ஜனவரி பதினொண்ணுல எழுதுனது சார்,” என்றார். “அதுக்குப் பிறகு நடந்தது இதுல எப்படி இருக்கும்?”

*

அவர் கடிதத்தை மனத்துக்குள் ஒருமுறை படித்தார். பாதியில் நிறுத்தி, சன்னல் பக்கம் திரும்பி நின்றார். பிறகு வந்து உட்கார்ந்து, தமிழில் சொல்லத் தொடங்கினார்.

“‘ஐயா, என் பெயர் லூக்கா. உங்கள் மொழி எனக்குத் தெரியாது. ஆங்கிலமும் தெரியாது. யாராவது உங்களுக்கு இதைப் படித்துச் சொல்வார்கள் என்று நம்பி எழுதுகிறேன்.’”

மச்சாது கண்ணை மூடிக்கொண்டார்.

“‘எமரன்சி நவம்பர் மாதத்திலிருந்து ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். நோய் இரத்தத்தில் இருக்கிறது என்கிறார்கள். காய்ச்சல் இறங்குவதில்லை. கிறிஸ்துமஸ்வரைக்கும் என்னோடு எங்கள் மொழியில் பேசினாள். இப்போது அதை மறந்துவிட்டாள். உங்கள் மொழியில் மட்டுமே பேசுகிறாள். இங்கே அது ஒருவருக்கும் தெரியாது. நான் பக்கத்தில் உட்கார்ந்து, ஆமாம், ஆமாம் என்று தலையாட்டுகிறேன்.’”

“போதும்,” என்றார் மச்சாது.

“இன்னும் இருக்கு.”

“போதும் டீச்சர்.”

“‘ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்கிறாள். அதைச் சொல்லும்போது மடத்துச் சகோதரிகள் அருகில் வந்து முழந்தாளிட்டு நிற்கிறார்கள். அது உங்கள் ஊர் ஜெபமாக இருக்கும் என்று நினைக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவள் என் முகத்தைப் பார்த்துத்தான் சொல்கிறாள். என் காதில் விழுந்ததை அப்படியே கீழே எழுதுகிறேன். அதற்கு என்ன பொருள் என்று தயவுசெய்து எனக்குத் தெரிவியுங்கள். என்னால் ஆனதைச் செய்வேன்.’”

பிலோமினாள் கடிதத்தை அவர் பக்கம் திருப்பினார். நடுவே தனியாக ஒரு வரி இருந்தது. ஒவ்வோர் எழுத்தும் பெரிதாக, கவனமாக எழுதப்பட்டிருந்தது.

“இந்த வரியை எனக்குத் தெரியும்,” என்றார் மச்சாது. “நூறு முறை பார்த்திருக்கிறேன். இதில் ஒரு சொல்கூட உங்கள் வகுப்பில் வரவில்லை.”

“வராது சார்.”

“கடினமான இத்தாலியனா?”

பிலோமினாள் அந்த வரியின் கீழே விரலை வைத்து, எழுத்தெழுத்தாக ஒலித்தார்.

“கா... லு... குளு... ருது.”

கீழே ஐஸ் உடைக்கும் இயந்திரத்தின் சத்தம் கேட்டது. நின்றது. மறுபடி கேட்டது.

“காலு குளுருது,” என்றார் மச்சாது. நாற்பது ஆண்டுகளில் முதன்முறையாக அவர் வாயிலிருந்து அவர் தெருவின் பேச்சு வந்தது. “காலு குளுருதுன்னு சொல்லுதா டீச்சர். சின்னப் பிள்ளையில இருந்தே அப்படித்தான். காய்ச்சல் வந்தா மொதல்ல காலுதான் குளுரும். நான் பக்கத்துல உக்காந்து ரெண்டு பாதத்தையும் தேய்ச்சு விடுவேன். ஒரு போர்வை... ஒரு போர்வை போட்டாப் போதும். அவ அதத்தான் கேட்டிருக்கா. அவங்க முட்டி போட்டு நின்னிருக்காங்க.”

அவர் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார்.

“இது என் சட்டைப் பைக்குள்ளயே இருந்திருக்கு டீச்சர். மூணு மாசமா இருந்திருக்கு.”

பிலோமினாள் அவரைத் தேற்றவில்லை. கடிதத்தின் கடைசி வரிகளைப் படித்தார்.

“‘வார்டில் தொலைபேசி இருக்கிறது. தினமும் பிற்பகல் இரண்டு மணி முதல் மூன்று மணிவரை உறவினர்கள் பேசலாம். எண்ணைக் கீழே தந்திருக்கிறேன். நீங்கள் ஒன்றும் பேச வேண்டாம். அவள் பேசுவதைக் கேட்டால் போதும்.’”

*

சுவர்க் கடிகாரத்தில் ஆறு ஆகப் பத்து நிமிடம் இருந்தது.

“அங்க இப்ப ரெண்டு இருபது,” என்றார் பிலோமினாள். “எதிர்த்தாப்புல எஸ்.டி.டி. பூத் தொறந்திருக்கு. வெளிநாட்டு லைனும் இருக்கு.”

மச்சாது முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“காலு குளுருதுங்கிறத இத்தாலியன்ல எப்படிச் சொல்லணும்?”

“ஆ ஃப்ரெத்தோ ஆய் பியேதி.”

“ஆ ஃப்ரெத்தோ... ஆய் பியேதி. உச்சரிப்பு சரியா இருக்கா?”

“சரியில்ல. போங்க.”

அவர் எழவில்லை.

“நீங்க பேசுங்க டீச்சர். நீங்கதான் அங்க ஆஸ்பத்திரியிலயே ஃபோன் எடுத்தவங்க. உங்களுக்குத்தான் தெரியும்.”

“ஆமா. ஒன்பது வருஷம் எடுத்தேன். அந்த ஒரு மணி நேரமும் கட்டில்ல கிடக்கிறவங்க என் முகத்தையே பாத்துக்கிட்டுக் கிடப்பாங்க. மணி அடிச்சா ஒரு வார்டே தலைய நிமித்தும். மூணு மணி ஆனதும் நான் ஃபோன மூடி வைப்பேன். அவங்க சுவரப் பாத்துத் திரும்பிப் படுத்துக்குவாங்க. அது எனக்கு நல்லாத் தெரியும் சார். அதனாலதான் நான் பேச மாட்டேன். கூட வந்து நிக்கிறேன். நம்பரப் போட்டுத் தாறேன். கேக்க வேண்டியது நீங்க.”

“நாளைக்குப் போறேனே. மனசக் கொஞ்சம் தேத்திக்கிட்டு, காலையில பூசை பாத்துட்டு...”

“நாலு மாசம் ஆச்சு.”

“அதுதான் டீச்சர். நாலு மாசம் ஆச்சே.” அவர் கடிதத்தைப் பார்த்தார். “அவ இல்லன்னா?”

“இல்லன்னு சொல்லுவாங்க.”

“அந்தச் சொல்லு இப்ப எனக்குத் தெரிஞ்சு போச்சே. நான் கேட்டு, அவங்க அந்தச் சொல்லச் சொல்லிட்டா, எனக்குப் புரிஞ்சிருமே.”

“புரியும்.”

“அதக் கேக்க என்னால முடியாது.”

“அந்த லூக்கா நவம்பர்ல இருந்து ஒத்தையில உக்காந்து கேட்டுக்கிட்டு இருக்காரு.”

மச்சாது தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிலோமினாள் எழுந்தார். வாசலுக்குப் போனார். அங்கே கழற்றிவிடப்பட்டிருந்த தலைமையாசிரியரின் செருப்புகளைக் குனிந்து கையில் எடுத்தார். படிக்கட்டின் பக்கம் திருப்பி, கால் நுழைக்க வசதியாக அடுத்தடுத்து வைத்தார்.

மச்சாது பதறி எழுந்துவிட்டார்.

“ஐயோ, நீங்க போய் என் செருப்ப...”

“எழுந்துட்டீய இல்ல?” என்றார் பிலோமினாள். “அப்படியே எறங்குங்க சார். இன்னும் அர மணி நேரம் இருக்கு. நாளைக்குன்னு சொல்லாதீய. இன்னைக்கு, இப்பமே போய்ப் பேசுங்க. அவளுக்குக் காலு குளுருது.”